ரெடிங்கில் கிளம்பி கால்வாயோடு போய் ரிட்ஜ்வே வழியாகத் திரும்புவது: இரண்டு நாள் போதுமா?

புதுச்சக்கரம்:
எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் தள்ளுபடியில் ஒரு கிராவல் பைக் (தார்ச்சாலையிலும் மண், சரளைப் பாதையிலும் ஓட்டுகிற சைக்கிள்) வாங்கினேன், 40 மி.மீ. டயர். இதுவரை வேலைக்குப் போய்வர மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் லீவு கிடைக்கும் போலிருக்கிறது. இங்கிலாந்தில் ரெடிங்கிலிருந்து கென்னட் அண்ட் ஏவன் கால்வாய்க் கரையிலேயே மேற்கே போய், மார்ல்பரோவில் தங்கி, மறுநாள் குன்றுகளின் மேலே போகிற ரிட்ஜ்வே பாதை வழியாகத் திரும்பலாம் என்று யோசனை. ஆப் ஒன்று கோடு போட்டுக் கொடுத்தது, 170 கிலோமீட்டர் சொச்சம் வருகிறது. கிராமத்துச் சாலைகள் எனக்குப் பயம். ஆள் உயர வேலிகளுக்கு நடுவே ஒரு கார் மட்டும் போகக்கூடிய அகலம், அதிலும் 60 மைல் வேகம் வரைக்கும் சட்டம் இடம் தருகிறது, வளைவில் எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது. அதனால் முடிந்தவரை சாலையில்லாத வழி வேண்டும். இந்தக் கோட்டை நம்பிப் போகலாமா?

கென்னட்கரை:
தம்பி, போகலாம். ஆனால் ஆப் போட்ட கோட்டை அப்படியே நம்பாதீர்கள். பத்து வருஷமாக இந்தக் கரையில் ஓட்டுகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரெடிங்கிலிருந்து நியூபரி வரைக்கும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தேசிய சைக்கிள் வழி 4-ம் பெரும்பாலும் இதே கரையில்தான் வருகிறது, ஆகவே தரை பரவாயில்லை. தீலுக்குச் சற்று முன்னால் கார்ஸ்டன் லாக் வரும், அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். லாக் என்றால் படகை மேலே தூக்கவும் கீழே இறக்கவும் கட்டிய மதகு. மற்ற இடங்களில் பக்கச் சுவர் செங்கல்லில் இருக்கும், இங்கே புல் முளைத்த மண்சரிவு. இந்தக் கால்வாயில் இப்படி மிஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு, இன்னொன்று தாச்சமில் இருக்கிறது. வழியெல்லாம் புதருக்குள் சதுரமும் அறுகோணமுமாகக் கான்கிரீட் பெட்டிகள் தெரியும். 1940-ல் ஜெர்மன் படை இறங்கினால் இந்தக் கால்வாயையே அகழியாக வைத்துத் தடுக்கலாம் என்று கட்டிய துப்பாக்கி அறைகள் அவை.

நியூபரி தாண்டிய பிறகுதான் விஷயமே இருக்கிறது. சைக்கிள் வழி 4 கரையை விட்டுவிட்டுக் கிராமச் சாலைக்கு ஏறிவிடும், ஆப்போ கரையிலேயே போகச் சொல்லும். அந்தப் பக்கம் நிறைய இடத்தில் கரை வெறும் புல், ஒரு ஆள் நடக்கும் அகலம், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் முள்வேலி. மழை பெய்த வாரம் என்றால் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஹங்கர்ஃபோர்டு வரைக்கும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர், அதைக் கடக்க எனக்கு ஒருமுறை இரண்டரை மணி நேரம் ஆனது.

சேற்றுவண்டி:
அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் எனக்கு அந்தக் கால்வாயே அலுப்பு. தட்டையாக ஓடும், வளையும், மறுபடியும் தட்டையாக ஓடும். கிராவல் பைக் வாங்கியது இதற்கா? இன்னொன்று, கரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நாய் கூட்டிக்கொண்டு வருபவர்கள், தூண்டில்காரர்கள் பாதைக்குக் குறுக்கே நீட்டிவைத்த நீளக் கோல்கள், படகைக் கட்டிய கயிறு, முளைக்குச்சி, வாத்து. எல்லாம் சேர்ந்து 12, 13-தான் வரும்.

மணியடி:
மணி இல்லாமல் போகாதீர்கள், இது முக்கியம். பாலத்துக்கு அடியில் பாதை குறுகி வளையும், எதிரே வருபவர் தெரியாது. அந்தப் பாதை நமக்காகப் போட்டது இல்லை. படகை இழுத்த குதிரைக்காகப் போட்டது, டோ என்றால் இழுப்பது, டோபாத் என்ற பெயரே அதனால்தான். சில கால்வாய்களில் பழைய பாலங்களின் மூலையில் கயிறு உரசி உரசி விரல் நுழையும் ஆழத்துக்குத் தடம் விழுந்திருக்கும், தொட்டுப் பாருங்கள். நடப்பவருக்குத்தான் முன்னுரிமை. பாலத்துக்கு முன்னாலேயே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் இறங்குங்கள். போன வருஷம் என் ஹேண்டில்பார் பாலத்துச் சுவரில் உரசி முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நின்றேன். படகிலிருந்த பெரியவர் டீக்கோப்பையைக் கீழே வைக்காமலே, "இந்த மாசம் நீ மூணாவது ஆள்" என்றார்.

வெள்ளைக்கல்:
ரிட்ஜ்வே பற்றி நான் சொல்கிறேன், என் வாரக்கடைசி எல்லாம் அங்கேதான் போகிறது.

ஏவ்பரி பக்கம் ஓவர்ட்டன் ஹில்லில் தொடங்கி ஐவிங்ஹோ பீக்கனில் முடியும், மொத்தம் 87 மைல். வேடிக்கை என்னவென்றால் ரெடிங்கிலிருந்து பிரிஸ்டல் வரை உங்கள் கால்வாயும் 87 மைல்தான். ரிட்ஜ்வேயின் மேற்குப் பாதி, அதாவது ஸ்ட்ரீட்லி வரைக்கும், சைக்கிளுக்குத் திறந்த பாதை. தேம்ஸைத் தாண்டிய கிழக்குப் பாதியில் பல துண்டுகள் நடப்பவர்களுக்கு மட்டும். ஆகவே கோரிங்கில் முடித்துக்கொள்ளுங்கள், அங்கேயே ஸ்டேஷன் இருக்கிறது, ரெடிங்குக்கு ரயில்.

தரை சுண்ணாம்புக்கல். காய்ந்திருந்தால் சிமென்ட் தரை மாதிரி ஓடும், நனைந்தால் சோப்புக்கட்டி. அதற்குள் சிக்கிமுக்கிக் கற்கள் வேறு, உடைந்த கல்லின் விளிம்பு பிளேடுதான். டியூப்லெஸ் போட்டு, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் ஊற்றியிருக்கிறீர்களா? இல்லையென்றால் டியூப் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு பழைய டயர்த் துண்டு. அப்புறம் டிராக்டரும் ஜீப்பும் போட்ட தடப்பள்ளம். குளிர்காலத்தில் மோட்டார் வண்டிகளை விடமாட்டார்கள், ஆனால் பழைய தடம் இறுகிப்போய் ஒரு முழ ஆழத்துக்கு அப்படியே கிடக்கும். சக்கரம் ஒன்றில் இறங்கிவிட்டால் பாதியில் மேலே ஏறப் பார்க்காதீர்கள், அது முடிகிற இடம் வரை அதிலேயே போங்கள்.

தண்ணீர் மேலே கிடைப்பது அரிது. ஊர்களெல்லாம் அடிவாரத்து ஊற்றுகளை ஒட்டித்தான் இருக்கின்றன, ஒரு பாட்டில் தண்ணீருக்காக 100 மீட்டர் இறங்கி ஏற வேண்டியிருக்கும். பார்க்க வேண்டியது அஃபிங்டன் வெள்ளைக் குதிரை. குன்றைச் செதுக்கிச் சுண்ணாம்பு இட்டு நிரப்பிய 110 மீட்டர் உருவம், மூவாயிரம் வயசு ஆகிறது. ஆனால் பக்கத்தில் போனால் கோடுகள்தான் தெரியும், குதிரை தெரியாது. குன்று 261 மீட்டர், காற்று பிடுங்கும்.

மேற்கிலிருந்து கிழக்கே வருவது நல்ல யோசனை. இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, முதுகில் தள்ளும். போகும்போது கால்வாயில் வேலியும் மரமும் காற்றைத் தடுத்துவிடும்.

மூணாங்கியர்:
170 கிலோமீட்டரும் வேண்டாம். முதல் நாள் மார்ல்பரோ வரை 65, 70 வரும், சரி. இரண்டாம் நாள் ஓவர்ட்டன் ஹில்லுக்கு மேற்கே போய்த் திரும்பி வருவதுதான் இழுக்கிறது. அதற்குப் பதில் மார்ல்பரோவிலிருந்து வடக்கே பழைய ரயில் தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் போட்ட பாதை ஒன்று சிசில்டன் பக்கம் போகிறது. அதில் ஆக்போர்ன் செயின்ட் ஜார்ஜ் வரை போனால் ரிட்ஜ்வேயைப் பிடிக்கலாம். அங்கிருந்து லிடிங்டன் ஏறி, எம்4 நெடுஞ்சாலையைத் தாண்டி, கோரிங் வரைக்கும் ஏறத்தாழ 55 கிலோமீட்டரில் முடியும். ஏவ்பரி கல்வட்டத்தை இன்னொரு நாள் பாருங்கள், ஐயாயிரம் வருஷமாக நிற்கிற கல், ஓடிப்போகாது.

ஓட்டிப்பார்:
இவ்வளவு யோசிக்க வேண்டாம் மச்சான். மேப்பில் பச்சைக் கோடு எங்கே தெரிகிறதோ அங்கே விடு. நான் ஃபுட்பாத்திலும் ஓட்டுகிறேன், இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. பிரைடில்வேயை விட ஃபுட்பாத் நல்ல தரையாக இருக்கும், குதிரை மிதித்த குழி இருக்காது.

கென்னட்கரை:
இதற்கு நீளமாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இங்கிலாந்தில் தரையைப் பார்த்து இங்கே ஓட்டலாமா கூடாதா என்று சொல்ல முடியாது. அழகான சரளைப் பாதை, அகலமாக, ஆள் இல்லாமல் கிடக்கும், அது நடப்பவருக்கு மட்டும். அதே வயலின் இன்னொரு ஓரத்தில் கணுக்கால் அளவு சேறு, அது பிரைடில்வே, அதில் நமக்கு உரிமை இருக்கிறது. நம் ஊரில் நடைமேடையை ஃபுட்பாத் என்கிறோம், இங்கே வயல் நடுவே யாருடைய நிலத்திலோ போகிற நடைவழிக்கும் அதே பெயர். பிரைடில்வே குதிரைப்பாதை. 1968-ல் வந்த நாட்டுப்புறச் சட்டம்தான் அதில் சைக்கிளையும் விட்டது, நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கம்பத்தில் அம்பு மஞ்சள் என்றால் நடை, நீலம் என்றால் பிரைடில்வே, கருஞ்சிவப்பு கத்தரிப்பூ மாதிரி இருந்தால் மோட்டார் இல்லாத பைவே (பழைய வண்டிப்பாதை), சிவப்பு என்றால் எல்லா வண்டிக்கும் திறந்த பைவே. ஓ.எஸ். எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் எல்லாமே பச்சையாக இருப்பதால்தான் ஓட்டிப்பார் மாதிரி ஆட்கள் ஏமாறுகிறார்கள். கோடுகளின் நீளத்தைப் பாருங்கள், குட்டைக் கோடு நடை, நீளக் கோடு பிரைடில்வே.

ஃபுட்பாத்தில் ஓட்டினால் போலீஸ் பிடிக்குமா என்றால், பொதுவாக அது குற்றம் இல்லை, நிலக்காரருக்கும் உங்களுக்கும் இடையிலான அத்துமீறல் வழக்குதான். ஊர் விதி தனியாக இருந்தால் கதை வேறு. ஆனால் ஒருவர் ஓட்டிவிட்டுப் போவார், அடுத்து வரும் ஐந்து பேர் திட்டு வாங்குவோம், கேட்டுக்குப் பூட்டு விழும். ஸ்காட்லாந்து போய் ஓட்டுங்கள், 2003 சட்டப்படி அங்கே பொறுப்போடு நடந்துகொண்டால் கிட்டத்தட்ட எங்கும் போகலாம். இங்கே அது இல்லை.

கால்வாய்க் கரை இந்த இரண்டிலுமே சேராது. பல இடத்தில் அது உரிமைப் பாதையே இல்லை, கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளை அனுமதிப்பதால் ஓட்டுகிறோம். முன்பெல்லாம் சைக்கிளுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இப்போது அது இல்லை. கரை சரிந்து பழுது பார்க்கிறார்கள் என்றால் மூடிவிடுவார்கள், கிளம்புவதற்கு முந்தைய நாள் அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப்பார்:
சரி சரி, வாத்தியாரே. நீளக் கோடு, குட்டைக் கோடு. மனப்பாடம் ஆகிவிட்டது.

புதுச்சக்கரம்:
நன்றி அண்ணா. ஒரு சந்தேகம், வரைபடத்தில் ஹங்கர்ஃபோர்டு காமன், கிரீனம் காமன் என்று இருக்கிறது. காமன் என்றால் பொதுநிலம்தானே, நம் ஊர்ப் புறம்போக்கு மாதிரி? அதில் இஷ்டத்துக்கு ஓட்டலாம் இல்லையா?

வேலியோரம்:
இல்லை! எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. புறம்போக்கு என்றால் அரசாங்கத்து நிலம். இங்கே காமன் நிலத்துக்கு உடைமைக்காரர் ஒருவர் இருப்பார். பிரபுவாக இருக்கலாம், ஊர்மன்றமாக இருக்கலாம், அறக்கட்டளையாக இருக்கலாம். மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் சில வீட்டுக்காரர்களுக்கு மட்டும் உரிமை, அந்த வீட்டுக்காரர்கள்தான் காமனர். 2000-ல் வந்த சட்டம் பதிவான காமன்களில் எல்லோரும் நடக்கலாம் என்றது, சைக்கிளைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. காமனுக்குக் காமன் விதி மாறும். எப்பிங் காட்டில் பெரும்பாலான இடத்தில் ஓட்டலாம், விம்பிள்டன் காமனில் குறித்த பாதைகளில் மட்டும், ஆஷ்டவுனில் அதைவிடக் கறார்.

உங்கள் வழியில் ஹங்கர்ஃபோர்டு காமன் கால்வாயை ஒட்டியே வரும். கோடைக்காலம் முழுக்க மாடு மேயும், நடுவே போகிற சாலையிலும் வந்து நிற்கும், எழுந்திருக்கச் சொன்னால் கேட்காது. மாடு தாண்டாமல் இருக்க சாலையில் இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள், நனைந்திருந்தால் நேராகத் தாண்டுங்கள், சாய்வாக ஏறினால் முகத்தில்தான் விழுவீர்கள். ஈஸ்டர் கழிந்த இரண்டாம் செவ்வாய் அந்த ஊரில் ஹாக்டைட் திருவிழா. பூக்கொத்து கட்டிய கோலோடு இரண்டு பேர் காமனர் வீடுகளுக்குப் போய் முத்தமோ காசோ வசூலிப்பார்கள். உங்கள் லீவு அதோடு சேர்ந்தால் அதிர்ஷ்டம், தங்க அறை கிடைப்பதுதான் கஷ்டமாக இருக்கலாம்.

கிரீனம் வேறு கதை. நியூபரியில் கால்வாயை விட்டுத் தெற்கே ஒரு மேடு ஏறினால் வந்துவிடும். போர்க்காலத்தில் காமனை எடுத்து விமானத்தளம் ஆக்கினார்கள், பிறகு அமெரிக்க விமானப்படை வந்தது, 1983-ல் அணு ஏவுகணைகள் வந்தன. அதற்கு முன்பே, 1981-ல், வேல்ஸிலிருந்து நடந்தே வந்த பெண்கள் வேலிக்கு வெளியே கூடாரம் போட்டார்கள். 1982 டிசம்பரில் முப்பதாயிரம் பெண்கள் கைகோத்துத் தளத்தைச் சுற்றி நின்றார்கள். ஏவுகணைகள் 1991-ல் போயின, முகாம் 2000 வரைக்கும் இருந்தது, அதே வருஷம் வேலியைப் பிடுங்கிக் காமனைத் திரும்பவும் மக்களுக்கு விட்டார்கள். ஓடுபாதைக் கான்கிரீட்டை உடைத்து எடுத்தார்கள், அதில் நிறையப் பங்கு நியூபரி பைபாஸுக்கு அடியில் கிடக்கிறது. இப்போது அந்த இடத்தில் புதரும் சரளையும் மாடுகளும், ஏவுகணை வைத்த மேடுகள் தூரத்தில் புல் மூடி நிற்கின்றன. வசந்த காலத்தில் வானம்பாடி தரையிலேயே கூடு கட்டும், அதனால் பலகையைப் பார்த்துப் பெரிய பாதையிலேயே போங்கள், குறுக்கு வழி வேண்டாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் டீக்கடை இருக்கிறது, திறக்கும் நாள் பார்த்துப் போங்கள்.

சேற்றுவண்டி:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கால்வாய் அலுப்பு என்றேன், கிரீனமுக்காக வாபஸ்.

ஏப்ரலில் மழையாக இருந்தால் இந்தத் திட்டத்தையே விட்டுவிட்டு சர்ரே பக்கம் வாருங்கள். அங்கே மணல் நிலம், தண்ணீர் நிற்காது, டிசம்பரில் கூட ஓட்டலாம். தர்ஸ்லி, ஃப்ரென்ஷம் காமன்கள், அப்புறம் ஹைண்ட்ஹெட். அங்கே டெவில்ஸ் பன்ச் பவுல் என்ற பெரும்பள்ளத்தின் விளிம்பில் லண்டன் சாலை ஏ3 போய்க்கொண்டிருந்தது, 2011-ல் சுரங்கம் திறந்ததும் பழைய சாலையைத் தோண்டி மண் போட்டு மூடிவிட்டார்கள். ஒருகாலத்தில் லாரி வரிசை நின்ற இடத்தில் இன்று கேட்பது குருவிச் சத்தம்தான். 2020-ல் சைக்கிளிங் யூகே அமைப்பு வின்செஸ்டரில் தொடங்கி முடிகிற மாதிரி 350 கிலோமீட்டருக்குக் கிங் ஆல்ஃபிரட்ஸ் வே என்று ஒரு சுற்று போட்டதே, அதுவும் இந்தப் பள்ளத்தின் வழியாகப் போகிறது. உங்கள் ரிட்ஜ்வேயும் அதில் ஒரு துண்டு.

மூணாங்கியர்:
ஹங்கர்ஃபோர்டுக்கு அப்புறம் ஒன்று விட்டுவிட்டோம். க்ராஃப்டனில் நீரேற்று நிலையம். கால்வாயின் உச்சிக்குத் தண்ணீர் ஏற்ற 1812-ல் வைத்த நீராவி இயந்திரம் இன்றும் அதே இடத்தில் அதே வேலையைச் செய்கிறது, நீராவி போடும் நாட்களில் பார்க்கலாம். அங்கிருந்து சேவர்னேக் காட்டுக்குள் நுழைந்தால் நாலு மைல் நீளத்துக்கு இருபுறமும் பீச் மரம், சாயங்கால வெயிலில் போங்கள். அந்தக் காடு தனியாருடையது. வருஷத்தில் ஒரு நாள் மூடிவைப்பார்கள், இருபது வருஷம் தடையில்லாமல் மக்கள் போய்வந்தால் பொதுவழி என்று ஆகிவிடும் அல்லவா, அதற்காக. நம் ஊர்ப் பங்காளிச் சண்டையில் வருகிற நடைபாதை வழக்கேதான்.

புதுச்சக்கரம்:
மே இரண்டாம் வாரம்தான் போக முடிந்தது, நேற்று ராத்திரி திரும்பினேன்.

முதல் நாள் வெயில். தாச்சம் வரைக்கும் சந்தோஷமாகப் போனேன், அங்கே யாரோ வேலியை வெட்டிவிட்டு முள்ளைப் பாதையிலேயே விட்டிருந்தார்கள். ஒரே டயரில் மூன்று முள், சீலன்ட் இரண்டை அடைத்தது, மூன்றாவதுக்கு டியூப் போட்டேன். கிரீனமில் டீ குடித்தேன். நியூபரிக்கு அப்புறம் அண்ணன் சொன்னபடி சாலைக்கு ஏறிவிட்டேன், பயந்த அளவுக்கு இல்லை, மொத்தம் ஏழோ எட்டோ கார். ஹங்கர்ஃபோர்டில் மாடு சாலையில்தான் படுத்திருந்தது, பத்து நிமிஷம் நின்றேன், பின்னால் வந்த வேன்காரரும் இறங்கி நின்றார், ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. சேவர்னேக்கை அடையும்போது மணி ஏழு. அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

இரண்டாம் நாள் லிடிங்டன் ஏறும்போது தடப்பள்ளத்தில் இறங்கிவிட்டேன். பாதியில் மேலே ஏறப் பார்க்காதே என்று சொன்னது நினைவு வந்தது, ஏறப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நினைவு வந்தது. மெதுவாகத்தான் விழுந்தேன், தோள்பட்டையில் சிராய்ப்பு. அப்புறம் வெள்ளைக்கல் அண்ணா, காற்று தென்மேற்கிலிருந்து வந்து முதுகில் தள்ளும் என்றீர்களே, அன்று நாள் முழுக்கக் கிழக்கிலிருந்து முகத்தில் அடித்தது. வெள்ளைக் குதிரை மேட்டில் பெடல் மிதித்தும் வண்டி நின்ற மாதிரியே இருந்தது. கோரிங் ஸ்டேஷனில் உட்கார்ந்தபோது சாக்ஸ், ஷூ, புருவம் எல்லாம் வெள்ளை, கோயிலில் விபூதி மேலே கொட்டிக்கொண்டவன் மாதிரி.

வெள்ளைக்கல்:
மன்னிக்கணும் தம்பி. வசந்தத்தில் சில வாரம் கிழக்குக் காற்று பிடித்துக்கொள்ளும், அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. வண்டியைக் கழுவினீர்களா?

புதுச்சக்கரம்:
இல்லை, அசதியில் அப்படியே ஷெட்டில் போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் கியரில் சுண்ணாம்பு கல்லாகிக் கிடக்கிறது.

கென்னட்கரை:
அதிவேகக் குழாய் மட்டும் வேண்டாம், பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், அரை மணி ஊறவிட்டுத் தேயுங்கள். சங்கிலியைத் துடைத்துக் காயவைத்துவிட்டு எண்ணெய். பிரேக் தட்டில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப்பார்:
அடுத்த மாசம் சர்ரேயில் ஹைண்ட்ஹெட், ஃப்ரென்ஷம் போகலாமா? நீளக் கோடு மட்டும் பார்த்து நானே வழி போட்டிருக்கிறேன். அண்ணன் ஒருமுறை சரிபார்த்துத் தரணும்.